வெப்பமானியும் மனிதனும்: ‘குணமடைதல்’ பற்றிய ஒரு வாதம்

பல்கலைக்கழகச் சூழலில் அடிக்கடி செவியில் விழும் கூற்றுக்கள் மூன்று உண்டு. ‘விஞ்ஞானம் தீர்ப்புக் கூறிவிட்டது, இனி விவாதத்திற்கு இடமில்லை’ என்பது முதலாவது. ‘விஞ்ஞானிகள் நேற்று ஒன்றைச் சொன்னார்கள், இன்று வேறொன்றைச் சொல்கிறார்கள்; அவர்களை எவ்வாறு நம்புவது?’ என்பது இரண்டாவது. ‘மருத்துவம் மருத்துவருடையது, கலைப்பீடத்தாருக்கு அங்கு என்ன வேலை?’ என்பது மூன்றாவது. முதலாவதைக் கூறுவோர் தம்மை முற்போக்காளர் என்றும், இரண்டாவதைக் கூறுவோர் தம்மை அனுபவசாலிகள் என்றும், மூன்றாவதைக் கூறுவோர் தம்மை அடக்கமுடையோர் என்றும் கருதிக்கொள்கின்றனர். ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும் இவை மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அறிவை ஒரு தேடலாகக் காணாது, முடிந்த முடிவுகளின் களஞ்சியமாகக் காண்பதே அவ்வேர்.

இக்கூற்றுக்களை உரைத்துப் பார்ப்பதற்கு ஓர் உரைகல் தேவை. இருதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு உட்படும் நோயாளியின் உடல் வெப்பநிலை எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்னும் வினா அதற்கு நன்கு பொருந்தும். பார்வைக்கு இது மிகச் சிறிய வினா. ஒரு வெப்பமானியும் ஓர் எண்ணும் போதுமெனத் தோன்றும். ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதன் விடை மாறி மாறி வந்துள்ளது. அம்மாற்றங்களின் வரலாறு மேற்கூறிய மூன்று கூற்றுக்களையும் பொய்ப்பிக்கின்றது.

1. குளிரின் வெற்றி

மனித உடலின் இயல்பான வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. ஜேர்மனிய மருத்துவரான கார்ல் வுண்டர்லிக் 1868 இல் வெளியிட்ட நூலின் வாயிலாக நிலைபெற்ற எண் அது. அவ்வெண் காலப்போக்கில் சுகத்தின் இலக்கணமாயிற்று. மேலே சென்றால் காய்ச்சல். கீழே சென்றால் ஆபத்து. இந்த இலக்கணத்தைத் தன் பிறப்பிலேயே மீறவேண்டிய நிலை இருதய சத்திரசிகிச்சைக்கு ஏற்பட்டது.

குருதி நிறைந்து துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தைத் திறந்து அதனுள்ளே பணிபுரிதல் அரிது. குருதியோட்டத்தை நிறுத்தினாலோ சில நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்கும். இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த வில்பிரட் பிகலோ குளிரிலே கண்டார். வழங்கும் ஒட்சிசனைக் கூட்ட முடியாதெனில், உடலின் ஒட்சிசன் தேவையைக் குறைக்கலாமல்லவா? உடல் வெப்பநிலை ஒரு பாகை இறங்கும்போது ஒட்சிசன் தேவை ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் வரை குறைகின்றது. 28 பாகையில் அது அரைவாசியளவாகிவிடுகின்றது. நாய்களைக் குளிரூட்டிச் செய்த பரிசோதனைகளின் பெறுபேறுகளைப் பிகலோவும் அவர்தம் சகாக்களும் 1950 இல் வெளியிட்டனர்.

இரண்டே ஆண்டுகளில் அக்கருத்து மனிதரிடத்தே செயலாயிற்று. 1952 செப்ரெம்பர் 2 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோன் லூயிஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை 28 பாகை வரை குளிரூட்டி, ஏறத்தாழ ஐந்தரை நிமிடங்கள் இருதயத்துக்குச் செல்லும் குருதியை நிறுத்தி, இருதய அறைகளுக்கிடையே இருந்த துவாரத்தை மூடினார். அடுத்த ஆண்டு, 1953 மே 6 இல், பிலடெல்பியாவில் ஜோன் கிபன் இருதய நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் வெற்றி கண்டார். 1967 இல் கிளீவ்லாந்தில் ஆர்ஜென்ரீன நிபுணர் ரெனே பவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட முடியுரு நாடியைத் தாண்டிக் குருதி செல்ல மாற்றுவழி அமைத்தார். இன்று ‘பைபாஸ்’ என மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட சத்திரசிகிச்சை உலகெங்கும் பரவியது அதன் பின்னரே.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இயந்திரம் இல்லாத காலத்தில் குளிர் ஒரு தேவை. இயந்திரம் ஒட்சிசன் ஏற்றிய குருதியை இடையறாது செலுத்தத் தொடங்கிய பின்னரோ குளிர் ஒரு காப்பீடு; இயந்திரம் தடைப்பட்டாலும், குருதியோட்டம் குறைந்தாலும், குளிர்ந்த உறுப்புக்கள் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். இக்காப்பீடு நியாயமானதே. எனினும் அதற்குச் செலுத்தப்படும் கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி நெடுங்காலம் உரத்து எழுப்பப்படவில்லை. தேவையிற் பிறந்த முறை வழக்கமாகி, வழக்கம் மெல்ல விதியாயிற்று.

2. வெப்பத்தின் எதிர்வாதம்

குளிரை அரியணையேற்றிய அதே ரொறன்ரோ நகரிலிருந்தே அதற்கெதிரான குரலும் எழுந்தமை வரலாற்றின் சுவைமிக்க திருப்பமாகும். 1980களின் இறுதியில் சாமுவேல் லிக்டென்ஸ்ரைன், ரொமாஸ் சலேர்னோ ஆகியோர் இருதயத்தையும் உடலையும் இளஞ்சூட்டிலேயே வைத்துச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை முன்வைத்தனர்.

அவர்தம் வாதம் வலுவானது. குளிர் குருதிச் சிறுதட்டுக்களின் தொழிலைக் கெடுக்கின்றது; குருதி உறைதலுக்கு வேண்டிய நொதியங்களின் வேகத்தைக் குறைக்கின்றது; அதனால் குருதிப்போக்கு மிகுகின்றது. தோலின் குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. மருந்துகள் உடலை விட்டு நீங்கத் தாமதிக்கின்றன. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் விழிக்கும்போது ஏற்படும் நடுக்கம் ஒட்சிசன் தேவையைப் பன்மடங்காக்குகின்றது. அப்பொழுதுதான் செப்பனிடப்பட்ட இருதயத்தின்மீது, அது சற்றே இளைப்பாற வேண்டிய வேளையில், பெருஞ்சுமை ஏற்றப்படுகின்றது.

1994 இல் ரொறன்ரோ ஆய்வாளர் 1,732 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டு ஆய்வு ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. இளஞ்சூட்டு முறைக்கு உட்பட்டோரில் 1.4 சதவீதத்தினரும், குளிர்முறைக்கு உட்பட்டோரில் 2.5 சதவீதத்தினரும் மரணமடைந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் எனப் புள்ளிவிபரவியல் கூறியது. இருதயம் போதிய குருதியைச் செலுத்த இயலாது தளரும் நிலையோ இளஞ்சூட்டு முறையில் 6.1 சதவீதமாகவும் குளிர்முறையில் 9.3 சதவீதமாகவும் காணப்பட்டது. இவ்வேறுபாடு தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. பாரிசவாதம் இரு சாராரிடத்தும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே இருந்தது. வெப்பம் வென்றுவிட்டது என்று கூறுவோர் கூறினர்.

3. ஒரு சொல், இரு பொருள்

அதே 1994 ஆம் ஆண்டில் அற்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தார் 1,001 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வும் வெளியாயிற்று. அங்கே இளஞ்சூட்டு முறைக்கு உட்பட்டோரில் 3.1 சதவீதத்தினர் பாரிசவாதத்துக்கு ஆளாயினர். குளிர்முறையில் அது 1.0 சதவீதமே. வெப்பம் மூளையைக் காக்கத் தவறியது என்பதே இதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது பெருங்குழப்பம். ‘பார்த்தீர்களா, ஒரே ஆண்டில் இருவர் இரு விதமாகச் சொல்கின்றனர்!’ என ஐயவாதிகள் கைகொட்டி நகைக்கலாம். ஆயின் இரு ஆய்வுகளையும் ஊன்றிப் படிப்போருக்கு ஒருண்மை புலப்படும். ரொறன்ரோவில் ‘சூடு’ எனப்பட்டது 33 முதல் 37 பாகை வரையான வெப்பநிலை. உடல் சிறிது குளிர்ந்தாலும் அதனைத் தடுக்கவில்லை. எமரியில் ‘சூடு’ எனப்பட்டது 35 பாகையும் அதற்கு மேலும். அவ்வளவுக்குக் குறையாதவாறு உடலைச் சூடாக வைத்திருந்தனர். ஒரே சொல், இரு பொருள். இரு ஆய்வுகளுக்குமிடையே வேறு வேறுபாடுகளும் உண்டு. எனினும் ஓரிரு பாகைகளின் வித்தியாசத்தை ஒரு சொல் மூடி மறைத்துவிட்டது என்பதை மறுத்தல் இயலாது.

சொல்லின் பொருளை வரையறை செய்தல், ஒரே சொல் இரு நூல்களில் இரு பொருளில் வழங்குவதைக் கண்டுகொள்ளல், பனுவலை ஒப்புநோக்கிப் படித்தல் ஆகியன இலக்கணமும் இலக்கியமும் பயில்வோரின் அன்றாடத் தொழில்கள். அத்தொழில் மருத்துவத்தினுள்ளும் தேவைப்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? ‘கலைப்பீடத்தாருக்கு அங்கு என்ன வேலை?’ என்போர் இதற்கு விடை கூறட்டும்.

4. எதனை எண்ணுவது?

இவ்விரு ஆய்வுகளிலும் ஆழமான வேறொரு பாடம் மறைந்திருக்கின்றது. இருதயத்தின் வலிமையை எண்ணியபோது வெப்பம் நன்மையெனத் தோன்றியது. மூளையின் கேட்டை எண்ணியபோது குளிர் நன்மையெனத் தோன்றியது. அவ்வாறாயின் ‘நோயாளி நன்கு குணமடைந்தார்’ என்ற வாக்கியத்தில் எந்த உறுப்பு எழுவாய்?

பைபாஸ் சத்திரசிகிச்சை பெற்றோர் சிலரின் ஞாபக சக்தியும் கவனமும் குன்றுவதை வீட்டார் நெடுங்காலமாகக் கவனித்தே வந்துள்ளனர். ‘ஆள் முன்போல இல்லை’ என்ற அவர்தம் சொல்லை மருத்துவக் குறிப்பேட்டில் எழுத ஒரு நிரல் இருக்கவில்லை. 2001 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் நியூமனும் சகாக்களும் 261 நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து, அச்சொல்லுக்கு எண்வடிவம் கொடுத்தனர். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது 53 சதவீதத்தினரிடமும், ஆறு வாரங்களில் 36 சதவீதத்தினரிடமும், ஆறு மாதங்களில் 24 சதவீதத்தினரிடமும், ஐந்தாண்டுகளின் பின்னர் 42 சதவீதத்தினரிடமும் அறிதிறன் குன்றல் காணப்பட்டது. இதற்கெல்லாம் சத்திரசிகிச்சை ஒன்றே காரணமெனக் கொள்வது தவறாகும். இருதய நோயுடையோர் சத்திரசிகிச்சை பெறாதபோதிலும் காலப்போக்கில் இதையொத்த தளர்வை அடைகின்றனர் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும் முதல் வாரங்களில் நேரும் தளர்வை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடுதல் இயலாது.

இங்கேதான் வெப்பநிலை மீண்டும் அரங்கிற்கு வருகின்றது. அதே 2001 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ஹவார்ட் நேதனும் சகாக்களும் 223 நோயாளிகளை 32 பாகை வரை குளிரூட்டிப் பின்னர் இரு கூறாக்கினர். ஒரு சாராரை 37 பாகை வரையும், மறுசாராரை 34 பாகை வரை மாத்திரமும் மீளச் சூடாக்கினர். ஒரு வாரத்தின் பின்னர் முதற்சாராரில் 62 சதவீதத்தினரிடமும் மறுசாராரில் 48 சதவீதத்தினரிடமும் அறிதிறன் குறைபாடு காணப்பட்டது. 2002 இல் டியூக் ஆய்வாளர் மேலும் இரண்டு உண்மைகளைக் கண்டனர். உடலை மெதுவாக மீளச் சூடாக்கும்போது ஆறு வாரத்தின் பின்னான அறிதிறன் மேம்பட்டிருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னான முதல் நாளில் வெப்பநிலை மிக உயர்ந்தோரிடம் அது தாழ்ந்திருந்தது.

அவ்வாறாயின் ஆபத்து குளிரூட்டுவதில் மாத்திரமன்று, குளிரிலிருந்து மீட்கும் அவசரத்திலும் உண்டு. இயந்திரத்திலிருந்து வரும் சூடான குருதி முதலில் மூளையை அடைகின்றது. மூக்கின் உட்புறத்திலும் சிறுநீர்ப்பையிலும் வைக்கப்பட்ட வெப்பமானிகள் இன்னும் 36 எனக் காட்டிக்கொண்டிருக்கையில் மூளை 37 ஐத் தாண்டிச் சென்றிருக்கலாம். வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது தான் இருக்கும் இடத்தின் உண்மையை மாத்திரமே சொல்கின்றது. அந்த இடத்து உண்மையை முழு உடலின் உண்மையாகக் கொண்டவர் மனிதரே.

இதற்குப் பின்னும் கதை முடியவில்லை. இயந்திரம் நிறுத்தப்பட்டபின் உட்புற வெப்பம் இன்னும் குளிர்ந்திருக்கும் கைகால்களை நோக்கிப் பரவுகின்றது. நோயாளி மீண்டும் குளிர்கின்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியர் அவரைப் போர்த்திச் சூடாக்குகின்றனர். அடுத்த சில மணித்தியாலங்களில், இயந்திரத்துடனான தொடர்பினால் உடலில் எழும் அழற்சி காரணமாக, வெப்பநிலை 38 ஐயும் தாண்டக்கூடும். காலையில் குளிரைப் போக்கிய போர்வை மாலையில் தீங்காகலாம். இரவு முழுவதும் விழித்திருந்து இம்மாற்றத்தைக் கவனிக்கும் தாதியின் பணி, புகழ்பெற்ற நிபுணரின் கத்திக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

2015 இல் அமெரிக்க இருதய சத்திரசிகிச்சையாளர், மயக்கமருந்து நிபுணர், இயந்திரம் இயக்குவோர் ஆகியோரின் சங்கங்கள் ஒன்றுகூடி வழிகாட்டல்களை வெளியிட்டன. இயந்திரத்திலிருந்து உடலுக்குச் செல்லும் குருதியின் வெப்பநிலை 37 பாகைக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பதும், குருதி 30 பாகையை அடைந்த பின்னர் நிமிடத்துக்கு அரைப் பாகைக்கு மேற்படாத வேகத்திலேயே சூடாக்குதல் வேண்டும் என்பதும் அவற்றுட் சில. குளிர் வென்றது என்றோ வெப்பம் வென்றது என்றோ அவை கூறவில்லை. எவ்வளவு, எவ்விடத்தில், எவ்வளவு வேகத்தில் என்று மாத்திரமே கூறின. அறிவின் முதிர்ச்சி என்பது இதுவே.

5. இரவல் முடிவுகள்

இம்முதிர்ச்சிக்கு எதிரான ஒரு பழக்கமும் உண்டு. ஓரிடத்தில் பெற்ற முடிவை வேறோரிடத்துக்கு இரவல் கொண்டு செல்வதே அது. 1996 இல் அந்திரியா கூர்ட்ஸ், டானியல் செஸ்லர், ரெய்னர் லென்ஹார்ட் ஆகியோர் பெருங்குடற் சத்திரசிகிச்சை பெற்ற 200 நோயாளிகளை ஆராய்ந்தனர். குளிர்ந்த நிலையில் இருந்தோரில் 19 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. வெப்பம் காக்கப்பட்டோரில் அது 6 சதவீதமே. இம்முடிவு சிறப்பானது. நோயாளியைக் குளிரவிடலாகாது என்ற விழிப்புணர்வை அது உலகெங்கும் பரப்பியது.

ஆயின் அதிலிருந்து ‘எவ்வளவு சூடோ அவ்வளவு நன்மை’ என்ற முடிவுக்குத் தாவுதல் அறிவாகாது. 2022 இல் அதே செஸ்லர் தலைமையில், இருதயம் தவிர்ந்த பெருஞ் சத்திரசிகிச்சைகள் பெற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வில், 35.5 பாகையில் வைக்கப்பட்டோருக்கும் 37 பாகையில் வைக்கப்பட்டோருக்குமிடையே முக்கிய விளைவுகளில் வேறுபாடு காணப்படவில்லை. தாம் வலியுறுத்திய கருத்தின் எல்லையைத் தாமே சோதித்துப் பார்க்கத் துணிந்த அந்த ஆய்வாளரின் நேர்மை, ஒரு கொள்கையை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் ஆயுள் முழுவதும் அதற்கு வழக்கறிஞராகவே இருந்துவிடும் மானிடவியற் புலமையாளர் பலருக்கும் ஒரு கண்டனமாகும்.

6. மொழியும் உரிமையும்

‘இவையெல்லாம் நிபுணருக்குரிய விடயங்கள், நோயாளிக்குச் சொன்னால் அச்சமே மிஞ்சும்’ என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை முற்றாக ஒதுக்குதல் தகாது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலையில் சதவீதங்களை அடுக்கி ஒருவரை நடுங்கவைப்பது கருணையாகாது. ஆயின் அறியாமை அச்சத்தைப் போக்குகின்றது என்பதும் உண்மையன்று. பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய முதியவர் பேரப்பிள்ளையின் பெயருக்குத் தடுமாறும்போது, இவ்வாறு நேரக்கூடும், வாரங்களும் மாதங்களும் செல்லப் பலருக்கு இது சீராகின்றது என்று முன்னரே அறிந்த குடும்பம் பொறுமை கொள்ளும். அறியாத குடும்பம் கலங்கும். சில வேளை அவரையே குறைகூறும். முதற்குடும்பத்துக்கு வாய்த்த சில வாக்கியங்கள் மற்றதற்கு மறுக்கப்பட்டமைக்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

இச்சில வாக்கியங்கள் எந்த மொழியிற் கூறப்படும் என்பது இந்நாட்டவருக்குரிய வினா. இலங்கையின் மருத்துவ பீடங்களிற் போதனாமொழி ஆங்கிலம். அதனால் ‘மருத்துவ அறிவுக்குத் தமிழ் போதாது’ என்ற எண்ணம் கற்றோரிடத்தே வேரூன்றியுள்ளது. வரலாறு இதற்கு மாறாகப் பேசுகின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உள்ளூர் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் சத்திரசிகிச்சை நூலொன்றையும் தமிழில் வெளியிட்டார். குருதியைச் செலுத்தும் இயந்திரம் சத்திரசிகிச்சையில் நடைமுறைக்கு வராத காலத்திலேயே தமிழ் சத்திரசிகிச்சையைப் பேசியது. ஆகவே குறை மொழியினுடையதன்று. அம்மொழியிற் பேச வேண்டியோர் பேசாமையே குறை.

மருத்துவ மாணவர் தமிழறியாதோர் அல்லர்; கலைப்பீடத்தார் சிந்திக்கத் தெரியாதோரும் அல்லர். ஒரே வளாகத்தில் வாழ்ந்தும் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் நாடாமைக்கு, மேலே கூறிய மூன்றாவது கூற்று தரும் சோம்பலின் சுகமே காரணம். சத்திரசிகிச்சைக்குப் பின்னான வெப்பநிலை, நடுக்கம், காய்ச்சல், மறதி ஆகியன பற்றி நோயாளியின் குடும்பத்தினர் படித்தறியத்தக்க இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை மருத்துவ பீடத்தாரும் தமிழ்த்துறையினரும் சேர்ந்து எழுதுவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

நோயாளி எத்தனை பாகையில் இருத்தல் வேண்டும் என்பதை அளவைகள் காலத்துக்குக் காலம் திருத்திச் சொல்லும். அவ்வாறு திருத்துவதே அவற்றின் பெருமை. அந்நோயாளி எதற்காகப் பிழைத்தெழ வேண்டும், எவ்வாறு எழுந்தால் அது குணமடைதலாகும் என்பதை எந்த அளவையும் தானாகச் சொல்லாது. துடிக்கும் இருதயம் போதுமா, தன் மனைவியோடு நேற்றுப் பேசிய பேச்சை இன்று தொடரும் மனமும் வேண்டுமா என்பதை மனிதரே தீர்மானித்து, அதன் பின்னரே எண்ணத் தொடங்குகின்றனர். ‘ஆள் முன்போல இல்லை’ என்று சொன்ன வீட்டார், ஆய்வாளர் எண்ணத் தொடங்குமுன்னரே வினாவைச் சரியாகக் கேட்டிருந்தனர். அவ்வினாவைச் செவிமடுக்காத மருத்துவம் அரைகுறையானது. அதனை மருத்துவரிடம் கொண்டு சேர்க்காத கலைக்கல்வியும் அவ்வாறே.